பூட்டிய லேப்புக்குள் நாற்பது இரட்டையர்

செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். கதவை மெல்லச் சாத்துங்கள். முக்கியமாக, அந்த மூலையில் இருக்கிற முதல் கணினியைத் தொட்டுவிடாதீர்கள். அதற்கு இப்போது மறதி வரவழைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

மே மாதக் கடைசி வாரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ, ஏதாவதொரு கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லை. வளாகத்தில் வேப்பமரமும் வெயிலும்தான். கம்ப்யூட்டர் லேப்பில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே லேப் சார், அவருக்குத் துணையாகப் படித்து முடித்த பையன்கள் ரெண்டு பேர். மேசையில் வடகாட்டுப் பலாச்சுளை. பிசுக்குக் கையோடு கீபோர்டைத் தொடக்கூடாது என்பதுதான் இந்த அறையின் முதல் சட்டம்.

ஜூனில் பிள்ளைகள் வந்து உட்காரும்போது நாற்பது கணினியும் தயாராக இருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு சி, ஜாவா, பைத்தான். தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல். வணிகவியல் பிள்ளைகளுக்கு டாலி. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை. ஒவ்வொன்றிலும் விண்டோஸைப் போட்டு, அப்டேட் ஓடவிட்டு, டிரைவர் தேடி, மென்பொருள்களை வரிசையாக ஏற்றினால் ஒரு கணினி அரை நாளைத் தின்றுவிடும். நாற்பதுக்கு இருபது நாள். கோடை விடுமுறை அதோடு சரி!

அதனால் இவர்கள் செய்வது வேறு. ஒரே ஒரு கணினியை மணப்பெண் கணக்காக ஜோடிக்கிறார்கள். அதன் வட்டில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாகப் பிடித்து வைக்கிறார்கள். அதற்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். பிறகு நாற்பதிலும் அதை இறக்குகிறார்கள். லேப் பேச்சில் சொன்னால், "மாஸ்டரை ரெடி பண்ணு, இமேஜ் எடு, எல்லாத்துக்கும் போடு." கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் "கோஸ்ட் போடு" என்பார்கள். நியூசிலாந்தில் மரே ஹாஸார்ட் 1995-இல் உருவாக்கிய கோஸ்ட் மென்பொருளை 1998-இல் சைமன்டெக் வாங்கியது. அந்த மென்பொருளை விட்டே வருஷங்கள் ஆகியும் பேர் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புது வித்தையா என்ன? தொண்டைமான் சமஸ்தானத்து அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அச்சு ஒன்று, அதிலிருந்து விழுந்த செப்புக் காசுகள் ஆயிரமாயிரம். நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்த ஊர் இது. ஆனால் ஒன்று: காசுக்குத் தான் யார் என்ற நினைப்பு கிடையாது. கணினிக்கு உண்டு! முழு வேடிக்கையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாஸ்டரிடம் போவோம். புது விண்டோஸ் ஏறி முடித்ததும் "எந்த நாடு, என்ன மொழி" என்று கேட்கிற முதல் திரை இருக்கிறதல்லவா? நாமெல்லாம் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக மேலே போவோம். லேப் சார் போகமாட்டார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துகிறார். திரை ஒரு நொடி இருண்டு, கணினி மறுபடி எழுந்து, பேரும் கேட்காமல் கடவுச்சொல்லும் கேட்காமல் நேராக உள்ளே விட்டுவிடுகிறது. ஆடிட் மோட்! கணினி தயாரிப்பாளர்களுக்கும் இவரைப் போன்றவர்களுக்குமாக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கொல்லைப்புற வாசல். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கைதட்டிவிடுவார்கள். நான் தட்டினேன்.

இந்த வாசல் வழியாக உள்ளே போய்த்தான் மென்பொருள்களை ஏற்றுகிறார்கள். யார் பேரிலும் கணக்கு இல்லை, யாருடைய ஒன்டிரைவும் ஒட்டிக்கொள்ளவில்லை. சுவர்ப்படமாகக் கல்லூரி முகப்பு. இதே வேலை அரசு அலுவலகக் கணினிகளுக்கு நடந்தால் வானவில் எழுத்துரு ஏறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதை மறந்தால் அத்தனை மேசையிலும் பழைய கோப்புகள் புரியாத குறிகளாகத் திறக்கும். மாஸ்டரில் விடுபட்ட ஒன்று நாற்பதிலும் விடுபடும், மாஸ்டரில் நுழைந்த வைரஸ் நாற்பதிலும் நுழையும். லேப் சார் இந்தக் கட்டத்தில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாததில் நியாயம் இருக்கிறது.

இனி மறதி மருந்து. அதன் பெயர் சிஸ்பிரெப். இதற்கான சின்னப் பெட்டி திரையில் வந்ததும், 'ஜெனரலைஸ்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே ஷட்டவுனைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கிறார். மாஸ்டர் தன்னைப் பற்றிய நினைவுகளை ஒவ்வொன்றாக உதிர்க்கிறது: தன் பெயர், தனக்கென்று இருந்த அடையாள எண், தன் உடம்பில் எந்த மதர்போர்டு, எந்த வைஃபை அட்டை என்ற விவரம். எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தானாக அணைந்துபோகிறது. இனி எந்த உடம்பில் எழுப்பினாலும் "நான் யார்?" என்று கேட்டபடிதான் எழும்.

சொல்லும்போது சுகமாக இருக்கிறது. நிஜத்தில் பாதி நேரம் சிஸ்பிரெப் மக்கர் பண்ணும்! விண்டோஸ் ஸ்டோரிலிருந்து ஏதோ ஒரு செயலி யாரும் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அது ஒரு பயனருக்கு மட்டும் ஏறியிருக்கிறது, எல்லாருக்கும் ஏறவில்லை என்று சொல்லி சிஸ்பிரெப் கையை விரித்துவிடும். பேந்தர் என்ற பெயருள்ள ஒரு கோப்புறைக்குள் பதிவேடு இருக்கும். அதைத் திறந்து குற்றவாளி யார் என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஏதாவதொரு விளையாட்டுச் செயலிதான் சிக்கும். அனுபவப்பட்டவர்கள் மாஸ்டரை ஜோடித்து முடிக்கும்வரை இணையக் கேபிளைச் செருகுவதே இல்லை. ஒரே இமேஜை 1001 முறை வரை இப்படி மறக்கடிக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் அனுமதித்திருக்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் ஆக்டிவேஷன் கடிகாரத்தைத் திருப்பிவைக்க மூன்றே வாய்ப்புதான். இப்போது அரேபிய இரவுகள் கணக்குக்கு வந்துவிட்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, அப்படியே நகலெடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் அருமையான ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. ஒவ்வொரு விண்டோஸும் பிறக்கும்போதே எஸ்ஐடி என்ற நீளமான எண்ணைத் தனக்கு இட்டுக்கொள்ளும். நகலெடுத்தால் அதுவும் நகலாகும். இதை மாற்றுவதற்கென்றே நியூஎஸ்ஐடி என்ற கருவியை விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் எழுதிக் கொடுத்தார். உலகமெங்கும் ஓடியது. 2009 நவம்பரில் அவரே, எஸ்ஐடி இரட்டிப்பால் ஆபத்து என்பது கட்டுக்கதை என்று எழுதி, தன் கருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். வேறு காரணங்களுக்காக சிஸ்பிரெப் வேண்டும் என்றும் கூடவே சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்? "ருசினோவிச்சே சொல்லிட்டாரு" என்று பலரும் நேரடியாக நகலெடுக்கத் தொடங்கினார்கள். வருஷங்கள் ஓடின. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஒரே எஸ்ஐடி உள்ள கணினிகள் ஒன்றையொன்று உள்ளே விட மறுத்தன. பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை, ரிமோட் டெஸ்க்டாப் நுழையவில்லை. பிழை இல்லை, பாதுகாப்புக்காக வேண்டுமென்றேதான் செய்தோம், சிஸ்பிரெப் போட்டு நகலெடுங்கள் என்றது மைக்ரோசாஃப்ட். பதினாறு வருஷம் கழித்துத் தீர்ப்பு மாறிவிட்டது! சோம்பல்படாமல் சிஸ்பிரெப் போட்டுவந்த லேப் சார்களுக்கு அது தீபாவளி.

லினக்ஸ் பக்கம் இந்தக் கூத்து இல்லையா? இருக்கிறது, வேறு வேஷத்தில். அங்கே மெஷின் ஐடி என்று ஒரு சின்னக் கோப்பு. அதைக் காலி செய்யாமல் உபுண்டுவை நகலெடுத்தால், அந்த ஐடியை வைத்தே முகவரி கேட்கிற அமைப்பில் ரெண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரிக்கு அடித்துக்கொள்ளும். கணினி தன்னை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவியும் அப்படித்தான். ஷோடான் தேடுபொறியை உருவாக்கிய ஜான் மேதர்லி 2015-இல், ஸ்பெயினின் டெலிஃபோனிகா நிறுவனம் கொடுத்த கருவிகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவை ஒரே எஸ்எஸ்எச் சாவியோடு இணையத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டரை லட்சம் கருவி, எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்! மாஸ்டரை மறக்கடிக்காமல் அச்சடித்தால் வருகிற விளைவு அது. நகலெடுப்பது யாருக்கும் வரும். எதை நகலெடுக்கக் கூடாது என்று அறிந்திருப்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

மாஸ்டர் அணைந்துவிட்டது. அதை இனி அதன் சொந்த விண்டோஸில் எழுப்பக் கூடாது. எழுப்பினால் நினைவு திரும்பிவிடும்! பென்டிரைவிலிருந்து குளோன்சில்லா எழுகிறது. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் பிறந்த இலவச மென்பொருள். கறுப்புத் திரை, சாம்பல் பெட்டிகள், பார்க்க 1990-களின் வங்கிக் கணினி போல இருக்கும். அழகுக்கு மார்க் போட்டால் பெயில்தான். வேலையில் சூரன்.

என்ன சூரத்தனம் என்றால், 256 ஜிபி வட்டை முழுக்க அது படிப்பதில்லை. எந்தக் கட்டத்தில் தரவு இருக்கிறது, எது வெறும் இடம் என்ற வரைபடம் கோப்பு அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து, நிரம்பிய கட்டங்களை மட்டும் எடுத்து, நெருக்கி மூட்டை கட்டுகிறது. 45 ஜிபி நிரம்பிய வட்டு 25 ஜிபி கோப்பாகச் சுருங்கி வெளியே வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கேயும் வழியில் முள் உண்டு. விண்டோஸின் வேகத் தொடக்க வசதி அணைக்கப்படாமல் இருந்தால் வட்டு பாதித் தூக்கத்தில் இருக்கும். பிட்லாக்கர் மறையாக்கம் தானாக இயங்கியிருந்தால் நிரம்பிய கட்டம் எது, காலி எது என்றே தெரியாது. 256 ஜிபியையும் கட்டம் கட்டமாக இழுக்க நேரும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் பல கணினிகளில் மறையாக்கம் சொல்லாமலே தொடங்கிவிடுகிறது. இன்னொன்று: இறக்கப்போகும் வட்டு மாஸ்டரின் வட்டைவிடச் சின்னதாக இருந்தால் குளோன்சில்லா இயல்பாக ஒப்புக்கொள்ளாது. 256 ஜிபியில் எடுத்ததை 240 ஜிபியில் இறக்கப் பார்த்து முழிக்காதவர் இந்தத் தொழிலில் குறைவு. எப்போதும் சின்ன வட்டுள்ள கணினியையே மாஸ்டராக்கு என்பது கைப்பழக்கத்தில் வந்த விதி.

இப்போது விளக்கை அணைக்காத குறைதான், நிகழ்ச்சி ஆரம்பம்! பையன்கள் ரெண்டு பேரும் வரிசைக்கு ஒருவராக ஓடுகிறார்கள். "தம்பி, எஃப் 12 அடி! விட்ராத!" கணினியைப் போட்ட உடனே, தயாரிப்பாளர் சின்னம் தெரியும் அந்த ரெண்டு மூன்று நொடிக்குள் எஃப் 12 அழுத்த வேண்டும். தவறினால் பழைய விண்டோஸ் எழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சிலவற்றில் எஃப் 9, சிலவற்றில் எஸ்கேப். அழுத்தியதும் கணினி தன் வட்டைச் சீந்தாமல் கேபிள் வழியாகக் கூவுகிறது: எனக்கு முகவரி கொடு, எதை ஏற்றிக்கொண்டு எழட்டும் சொல். இன்டெல் 1990-களின் கடைசியில் வகுத்த பிஎக்ஸ்இ முறை இது. இமேஜை வைத்திருக்கும் சர்வர் பதில் சொல்கிறது. ஒவ்வொரு திரையாக எழுத்துகள் ஓடத் தொடங்குகின்றன. பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்தைந்து... வந்து சேர்ந்தவை எல்லாம் நாற்பதாவதற்காகக் காத்திருக்கின்றன. ஏனென்றால் இது மல்டிகாஸ்ட்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். ஜிகாபிட் வலையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். 25 ஜிபி இமேஜ் ஒரு கணினிக்குப் போக நாலு நிமிஷம். நாற்பதுக்கும் தனித்தனியாக அனுப்பினால் 1000 ஜிபி, இரண்டரை மணி நேரம். மல்டிகாஸ்டில் சர்வர் ஒரே முறைதான் அனுப்பும், நாற்பதும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். வட்டு எழுதும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்கூடச் சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். தைவான் மையத்தார் தங்கள் வகுப்பறையில் 5.6 ஜிபி இமேஜை 41 கணினிகளில் ஒரே நேரத்தில் இறக்கியதற்குப் பத்து நிமிஷம்தான் ஆனதாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி, இங்கே மட்டும் இமேஜ் இறங்குவது ஏன் நத்தை மாதிரி ஊர்கிறது? லேப் சார் திரையைப் பார்க்காமல் சுவிட்ச் பெட்டிக்குப் போகிறார். வரிசையாக மின்னும் சின்ன விளக்குகளில் ஒன்று மட்டும் வேறு நிறம். அந்தக் கேபிளின் முனைக் கிளிப் உடைந்து, இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. மல்டிகாஸ்டில் மெதுவான ஆளுக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும். நாலு நிமிஷ வேலை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். கிரிம்பிங் டூலை எடுத்துப் புது முனை அடித்துச் செருகினால் நாற்பது முன்னேற்றப் பட்டைகளும் ஒன்றாகப் பாய்கின்றன. அந்தக் காட்சிக்குத்தான் நான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்! லேப்பில் நாற்பது திரைகளிலும் ஒரே சதவீத எண் ஒரே தாளத்தில் ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

குதூகலத்தில் ஒன்றைச் சொல்ல மறந்தேன். லேப் சுவிட்சிலிருந்து அலுவலக அறைக்குப் போகும் கேபிளை முதலிலேயே பிடுங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எமரி பல்கலைக்கழகக் கதை வரும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கிறது. 2014 மே மாதம் அங்கே விண்டோஸ் 7 இறக்குவதற்கான கட்டளை தவறுதலாகப் பல்கலைக்கழகத்தின் விண்டோஸ் கணினிகள் அத்தனைக்கும் போய்விட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சர்வர் என்று பேதமில்லாமல் வட்டுகளைத் துடைக்கக் கிளம்பியது. கடைசியில் கட்டளை அனுப்பிய சர்வரும் அதே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தன் வட்டையும் துடைத்துக்கொண்டது! அலுவலக அறையில் கட்டண ரசீது போடும் கணினி எஃப் 12 அழுத்தாமலே வலை வழியாக எழும்படி அமைக்கப்பட்டிருந்தால் நம்மூரிலும் அதேதான் நடக்கும்.

இறக்கிய பிறகு எல்லாம் சுபமா? பெரும்பாலும். ரெண்டு தவணையில் வாங்கிய லேப் என்றால், புதுத் தவணைக் கணினிகளில் நீலத் திரை வரும். சேமிப்பகக் கட்டுப்பாட்டு முறை பயாஸில் வேறு மாதிரி அமைந்திருக்கும். அதை மாற்றினால் எழுந்துவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டல். லேப் 1 முதல் லேப் 40 வரை. உரிமம் பற்றி ஒரு வார்த்தை: கணினியோடு வந்த விண்டோஸை இப்படி அச்சடிக்க உரிமை கிடையாது. நிறுவனங்களுக்கான வால்யூம் உரிமம் வேண்டும். லினக்ஸுக்கு அந்தத் தலைவலியே இல்லை.

லினக்ஸ் என்றதும் இந்த மாவட்டத்து வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினிகள் நினைவுக்கு வருகின்றன. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம். முதல் ஆண்டுக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல் இலக்கு. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னை சிடாக் டெபியன்மேல் கட்டிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பல லட்சம் மடிக்கணினிகளையும் ஆள் உட்கார்ந்து நிறுவியிருக்க முடியாது. தொழிற்சாலை வரிசையில் இமேஜ் இறக்கித்தான் சாத்தியம். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட லினக்ஸ் அப்படி அச்சாகி வந்ததுதான். வாங்கிய மறுநாளே கீழராஜவீதிப் பக்கம் கடையில் கொடுத்து "விண்டோஸ் மட்டும் போதும்ணே, மாத்திக் கொடுங்க" என்று அதை அழித்தவர்கள் நிறைய என்பது வேறு விஷயம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசி வேலை, யாரும் படம் எடுக்காத வேலை. இமேஜ் கோப்பை இன்னொரு வெளிவட்டில் பிரதி எடுத்து, தேதி எழுதி ஒட்டி, வேறு கட்டடத்தில் இருக்கும் பீரோவில் பூட்டி வைப்பது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் புதுக்கோட்டையை உலுக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படியொரு காற்றில் லேப் கூரை போனால் மாஸ்டரும் இமேஜும் சேர்ந்தே போகும். பிரதி வெளியே இருந்தால் புதுக் கணினி வந்த அன்றே லேப் மறுபடி ஓடும்.

உங்கள் வீட்டுக் கணினிக்கும் இதைச் செய்யலாம். குளோன்சில்லாவை இலவசமாக இறக்கலாம், சின்ன பென்டிரைவே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இமேஜ் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது எது மூல வட்டு, எது சேருமிட வட்டு என்று அது கேட்கும் இடத்தில் மட்டும் அவசரமே வேண்டாம். முதல் தடவை என்றால், கல்யாண வீடியோ இருக்கிற வெளிவட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.